ஒளி தள்ளும் கலமும் விருத்தாசலமும்

சூரிய ஒளிக்குத் தள்ளும் வலு உண்டு. ஒளியை முழுவதும் திருப்பியனுப்பும் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல், பூமி இருக்கும் தொலைவில், அந்த விசை சுமார் 9 மைக்ரோநியூட்டன்; ஒரு கொசுவின் எடைகூடத் தேறாது. ஆனால் காற்றில்லாத வெளியில் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தால், அதுவே ஒரு செயற்கைக்கோளைத் திருப்பிவிடும்.

நம் இன்சாட் செயற்கைக்கோள் வரிசை இதற்குச் சாட்சி. புயல் மேகங்களைப் படமெடுக்கும் அதன் கருவியில் அகச்சிவப்பு உணரியைக் கடுங்குளிரில் வைத்தாக வேண்டும். அதற்கான குளிர்விப்பான் வடக்கே குளிர்ந்த வெளியைப் பார்த்திருக்கும். சூரியப் பலகையின் வெப்பம் அங்கே எட்டக் கூடாது. எனவே பலகையைத் தெற்கில் மட்டும் வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் ஒளி தள்ளினால் கலம் கோணிவிடுமே! அதைச் சரிக்கட்ட, வடக்கே நீண்ட கம்பத்தை நீட்டி அதன் நுனியில் ஒளி தள்ளுவதற்கென ஒரு பாயை வைத்தார்கள். 1982 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-1ஏ-வில் அந்தப் பாய் விரியவே இல்லை. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, ஏழாண்டு உழைக்க வேண்டிய செயற்கைக்கோள் அற்பாயுளில் கைவிடப்பட்டது. 1983-இல் போன 1பி தப்பித்து நன்றாக உழைத்தது. 1992-இல் இஸ்ரோவே கட்டிய 2ஏ-விலும் பாய் இருந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அன்று தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்த புயல் படங்களுக்கு இந்தப் பாய்க்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஒளியின் தள்ளலைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட நாம், அதையே உந்துவிசையாக்க இன்னும் இறங்கவில்லை. இதுதான் என் ஆதங்கம். ஜப்பானின் இக்காரோஸ் கலம் 2010-இல் பக்கத்துக்கு 14 மீட்டர் கொண்ட பாயை விரித்து வெள்ளிக் கோளைத் தாண்டியது. 2019-இல் பறந்த லைட்செயில்-2 என்ற ஒளிப்பாய்க் கலம், பொதுமக்கள் கொடுத்த பணத்தில் உருவானது.

அடுத்த கட்டம், பூமியிலிருந்து லேசர் பாய்ச்சித் தள்ளுவது. அத்தனை ஒளியில் சாதாரண பிளாஸ்டிக் படலம் உருகிவிடும். அதனால் கலிஃபோர்னியாவின் கால்டெக் ஆய்வாளர்கள் சிலிக்கான் நைட்ரைடு படலத்தை எடுத்துக்கொண்டார்கள். தடிமன் வெறும் 50 நானோமீட்டர். லேசர் அதைத் தள்ளும் விசையை அளந்து 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள்.

சிலிக்கான் நைட்ரைடு ஒரு செராமிக். கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தின் சூளையில் சுட்டெடுக்கும் பீங்கான் பொம்மை போன்ற சரக்கல்ல அது. சிப் தயாரிக்கும் தூய அறைகளில் படியவைப்பது. ஆனால் வெப்பத்தை எது தாங்கும், எங்கே விரிசல் விடும் என்ற கேள்விகள் பொம்மைக்கும் பாய்க்கும் பொது. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இந்த ஊரில் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தில் இத்தகைய பொருள்களைச் சேர்க்க மாநில அரசு முன்வர வேண்டும்; சிறிய ஒளிப்பாய்க் கலம் ஒன்றை இஸ்ரோ ஏவிப் பார்க்க வேண்டும்.