கூண்டுக்கு முதலாளி உண்டு, ரிங்குக்கு இல்லை

2024 செப்டம்பர் 21 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் அந்தோணி ஜோஷ்வாவும் டேனியல் டுபுவாவும் மோதினார்கள். நேரில் பார்க்க 96,000 பேர் திரண்டார்கள். ஐந்தாவது சுற்றில் ஜோஷ்வா விழுந்தார். இந்த விளையாட்டுக்குத்தான் இருபது ஆண்டுகளாக இரங்கல் குறிப்பு எழுதிவருகிறார்கள். எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலை வந்துவிட்டது, இளைஞர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், குத்துச்சண்டை தாத்தாக்களின் பொழுதுபோக்காகிவிட்டது என்பது அவற்றின் சாரம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 'குத்துச்சண்டையா, எம்.எம்.ஏ.வா, எது நிற்கும்?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேறொன்றைக் கேட்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது யு.எஃப்.சி. என்ற ஒரே ஒரு நிறுவனம். கிரிக்கெட் பெரிதா ஐ.பி.எல். பெரிதா என்று கேட்பது போன்ற கேள்வி இது. ஒரு பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் ஆட்டம், மறுபக்கம் ஆட்டத்தையே கையில் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றக் குழப்பங்களில் பாதி விலகிவிடும்.

யு.எஃப்.சி.யின் கதை 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்குகிறது. கராத்தேக்காரர், மல்யுத்தக்காரர், குத்துச்சண்டைக்காரர் எல்லோரையும் ஒரே எண்கோணக் கூண்டில் விட்டால் யார் ஜெயிப்பார் என்பதுதான் அன்றைய வித்தை. கடிப்பதும் கண்ணைக் குத்துவதும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அனுமதி. ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி, தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தரையில் சாய்த்து, ஒரே இரவில் மூன்று பேரைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை 'மனிதச் சேவல் சண்டை' என்று சாடினார். மாநிலங்கள் தடை விதித்தன, கேபிள் நிறுவனங்கள் கைகழுவின. 2000-இல் நியூ ஜெர்சியில் பொது விதிமுறைகள் உருவான பிறகுதான் அது விளையாட்டு என்ற தகுதிக்கு வந்தது. மறு ஆண்டு ஃபெர்டிட்டா சகோதரர்கள் மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2016-இல் அது கைமாறியபோது விலை சுமார் 400 கோடி டாலர். நியூயார்க் மாநிலம் தடையை நீக்கியதும் அதே ஆண்டில்தான்.

இந்த வளர்ச்சிக்கு விதிமுறையும் விளம்பரமும் மட்டும் காரணமல்ல. எதிரில் நின்றவர்களை எல்லாம் அது வாங்கிப்போட்டது: ஜப்பானில் கொடிகட்டிப் பறந்த பிரைடை 2007-இல், அமெரிக்காவின் ஸ்ட்ரைக்ஃபோர்ஸை 2011-இல். பட்டத்தை வழங்குவதும், தரவரிசைப் பட்டியலை வெளியிடுவதும், யார் யாரோடு மோதுவது என்று முடிவுசெய்வதும், வீரருக்குச் சம்பளம் தருவதும் ஒரே கூரையின் கீழ் வந்தன. முதல் இடத்தில் இருப்பவரும் இரண்டாம் இடத்தில் இருப்பவரும் மோத வேண்டும் என்றால் ஓர் அலுவலகத்தில் ஒருவர் தலையாட்டினால் போதும். ரசிகர் கேட்ட சண்டை பெரும்பாலும் சில மாதங்களில் கிடைத்துவிடும். ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். சனிக்கிழமை வந்தால் சண்டை உண்டு என்று ரசிகர் நம்பி உட்காரலாம்.

குத்துச்சண்டையில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு பெரிய அமைப்புகள். பதினேழு எடைப் பிரிவுகளிலும் ஒவ்வொன்றும் தனித்தனி பெல்ட் தருகிறது. இடைக்காலச் சாம்பியன், வழக்கமான சாம்பியன், சூப்பர் சாம்பியன் என்ற உபரிகள் வேறு. இவர்களுக்கு மேல் ஒவ்வொரு வீரரையும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் புரமோட்டர்கள், அவர்களோடு கூட்டுச்சேர்ந்த தொலைக்காட்சிகள். மேவெதரும் பாக்கியாவோவும் மோத வேண்டும் என்ற பேச்சு 2009-இல் எழுந்தது. சண்டை நடந்தது 2015 மே 2-இல், இருவருக்கும் இளமை கழிந்த பிறகு. ஹெவிவெயிட் பிரிவில் மறுக்க முடியாத ஒரே சாம்பியனை 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு பார்க்க, 2024-இல் ரியாத்தில் உசிக் ஃபியூரியை வெல்லும்வரை கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரிய சண்டைகள் தள்ளிப்போவதற்குத் தோல்வி பற்றிய மனப்பான்மையும் ஒரு காரணம். மேவெதர் 50 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வுபெற்றார். அதன்பின் அந்தப் பூஜ்யத்தைக் காப்பதே தொழில் என்றாகிவிட்டது. எம்.எம்.ஏ.வில் இரண்டு மூன்று முறை தோற்றவர்கூட அடுத்த ஆண்டு முதன்மைச் சண்டையில் நிற்கிறார், ரசிகர் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. இந்த விஷயத்தில் கூண்டுக்காரர்கள் சொல்வதே நியாயம் என்பது என் எண்ணம். தோற்க அஞ்சும் விளையாட்டைப் பார்ப்பவருக்கு அலுப்புத்தான் மிஞ்சும்.

இவ்வளவு கோளாறு இருந்தும் குத்துச்சண்டை ஏன் சாகவில்லை? மேவெதர்–பாக்கியாவோ சண்டையை ஏறத்தாழ 100 டாலர் கட்டி வாங்கியவை 46 லட்சம் வீடுகள். யு.எஃப்.சி.யின் மிகப்பெரிய இரவான 2018 கபீப்–மெக்ரிகர் மோதல் எட்டியது 24 லட்சம். காரணம், குத்துச்சண்டையின் எளிமை: இரண்டு பேர், இரண்டு கைகள், விழுந்தால் பத்து எண்ணுவார்கள். முதல்முறை பார்ப்பவருக்கும் புரிந்துவிடுகிறது. எம்.எம்.ஏ.வில் சண்டை தரைக்குப் போனதும், யார் மேலே, யார் கீழே, கீழே கிடப்பவர்தான் கையை முறிக்கப் போகிறாரா என்பதை அறிய ஜியு-ஜிட்சு கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பழகியவருக்கு அதுவே சுவை. பழகாதவர் போனை எடுத்துவிடுவார்.

இன்னொன்று, ஊர்ப்பாசம். கனேலோ அல்வாரெஸ் மோதும் செப்டம்பர் வாரயிறுதி மெக்சிகோ சுதந்திர நாளோடு ஒட்டி வருவது தற்செயலாக அல்ல. 2024 மே மாதம் நவோயா இனோவே டோக்கியோ டோமில் இறங்கியபோது, 1990-இல் மைக் டைசன் பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்த பிறகு அந்த அரங்கில் நடந்த முதல் குத்துச்சண்டையைப் பார்க்க 40,000-க்கு மேற்பட்டோர் கூடினார்கள். முதலாளி இல்லாததால் வரும் பயனும் இதுவே. லாஸ் வேகாஸில் உள்ள எந்த அலுவலகத்தின் அனுமதியும் இல்லாமல் ஜப்பான் தன் குத்துச்சண்டையைத் தானே நடத்திக்கொள்கிறது. எம்.எம்.ஏ.விலும் கபீபுக்காகத் தாகெஸ்தான் திரண்டது, மெக்ரிகருக்காக அயர்லாந்து திரண்டது. ஆனால் அவர்களின் பெரிய இரவுகளுக்கு நாள் குறித்தது கம்பெனி.

குத்துச்சண்டை மக்களிடமிருந்து விலகியதற்குப் பெரும்பங்கு கட்டணச் சுவரைச் சேரும். முகமது அலி காலத்தில் அமெரிக்காவில் பல பட்டச் சண்டைகளை வீட்டுத் தொலைக்காட்சியில் இலவசமாகப் பார்க்க முடிந்தது. பிறகு எச்.பி.ஓ., அதன்பின் பே-பர்-வியூ என்று நல்ல சண்டை எல்லாம் காசு கட்டுபவருக்கே என்றாகி, ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அதைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். சுவரை இறக்கினால் என்ன நடக்கும் என்பதை நெட்பிளிக்ஸ் காட்டியது. 2024 நவம்பரில் 58 வயது டைசனும் யூடியூபர் ஜேக் பாலும் ஆடிய சோர்வான எட்டுச் சுற்றை உலகெங்கும் 10.8 கோடிப் பேர் பார்த்ததாக அது அறிவித்தது. சண்டையாக அது எட்டணா பெறாது. 2025 செப்டம்பரில் கனேலோவை கிராஃபர்ட் வென்ற உண்மையான பெரும்போட்டிக்கு அது சொன்ன எண்ணிக்கை 4.1 கோடி. யு.எஃப்.சி.யும் இதைப் புரிந்துகொண்டது. 2026 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலருக்கு பாரமவுண்டோடு ஒப்பந்தம் செய்து, அமெரிக்காவில் பே-பர்-வியூவையே கைவிட்டிருக்கிறது.

இனி, பார்ப்பவரை விட்டு அடிவாங்குபவரைப் பார்ப்போம். எந்த விளையாட்டுக்கு நல்ல வீரர் போகிறாரோ அதன் பக்கமே நாளடைவில் கூட்டமும் சாயும்.

காமரூனில் மணல் குவாரியில் சிறுவனாக வேலை செய்த பிரான்சிஸ் என்கானு, குத்துச்சண்டை வீரராகும் கனவோடு பாரிஸ் வந்து சேர்ந்தவர். அங்கே பயிற்சியாளர்கள் எம்.எம்.ஏ. பக்கம் திருப்பினார்கள். 2021-இல் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியனானார். மறு ஆண்டு ஜனவரியில் பட்டத்தைத் தக்கவைத்த சண்டைக்கு அவருக்கு அறிவிக்கப்பட்ட ஊதியம் 6 லட்சம் டாலர். உலகின் மிகப் பலசாலி என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒருவருக்கு இவ்வளவுதான். வெளியே குத்துச்சண்டை ஆடும் உரிமை கேட்டார், கம்பெனி இணங்கவில்லை, 2023 ஜனவரியில் வெளியேறினார். அதே ஆண்டு அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃபியூரியோடு பத்துச் சுற்று. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவே அவருக்கு முதல் போட்டி. மூன்றாவது சுற்றில் ஃபியூரியை விழவைத்தார், நடுவர்களின் பிளவுத் தீர்ப்பில்தான் தோற்றார். கூண்டில் கண்டிராத பணத்தை அந்த ஒரே இரவில் கண்டார். 2024 மார்ச்சில் ஜோஷ்வா அவரை இரண்டே சுற்றில் சாய்த்தபோது குத்துச்சண்டை தனிக் கலை என்பதும் தெரிந்தது, பணம் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்தது.

இந்த வித்தியாசத்துக்குச் சட்டக் காரணம் உண்டு. 2000-இல் அமெரிக்கா இயற்றிய முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், புரமோட்டரும் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்கிறது. ஒரு சண்டையில் எவ்வளவு வசூல் என்பதை வீரரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. தரவரிசைக்கு வெளிப்படையான அளவுகோல் கேட்கிறது. எம்.எம்.ஏ.வுக்கு இது பொருந்தாது. யு.எஃப்.சி. மீது முன்னாள் வீரர்கள் 2014-இல் தொடுத்த ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, வருவாயில் வீரர்களுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. குத்துச்சண்டையில் அடிமட்ட வீரர் நிலை இதைவிடப் பரிதாபம் என்பதையும் மறைக்கக் கூடாது. உச்சியில் இருப்பவர்தான் கோடிகளை அள்ளுகிறார். ஆனாலும் உச்சி எவ்வளவு உயரம் என்பதுதான் பதினைந்து வயதுப் பையனின் கண்ணுக்குத் தெரியும்.

நம் நாட்டில் அந்தப் பையன் பார்ப்பது கோடிகளைக்கூட அல்ல, வேலையை. ஹரியானாவின் பிவானியிலிருந்து வந்து 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தருக்கும், 2012-இல் வென்ற மேரி கோமுக்கும் காவல்துறைப் பதவி கிடைத்தது. ராணுவம், ரயில்வே, போலீஸ் என்ற விளையாட்டு ஒதுக்கீட்டு ஏணி இருப்பதால்தான் ஏழை வீடுகளில் கையுறை மாட்ட அனுமதிக்கிறார்கள். வட சென்னையின் பரம்பரைகளைப் பற்றித் தமிழ் வாசகருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, 'சார்பட்டா பரம்பரை' சொல்லிவிட்டது. 'இறுதிச்சுற்று' படத்தில் குத்துச்சண்டைக்காரியாக நடித்த ரித்திகா சிங் உண்மையில் சூப்பர் ஃபைட் லீக்கில் ஆடிய எம்.எம்.ஏ. வீராங்கனை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. கதை சொல்ல இன்னும் ரிங்தான் தேவைப்படுகிறது. பூஜா தோமர் 2024-இல் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அந்தச் செய்தி எத்தனை வீடுகளை எட்டியது?

ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையின் இடமும் ஆட்டம் கண்டது. நிர்வாகச் சீர்கேட்டுக்காக ஐ.பி.ஏ. என்ற சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தை 2023-இல் ஒலிம்பிக் கமிட்டி பறித்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் முதலில் குத்துச்சண்டை இல்லை. வேர்ல்ட் பாக்சிங் என்ற புதிய அமைப்பு வந்தபின், 2025 மார்ச்சில்தான் சேர்த்தார்கள். விட்டிருந்தால் பிவானியிலும் மணிப்பூரிலும் ஏணி முறிந்திருக்கும். எம்.எம்.ஏ.வை 2026 ஆசிய விளையாட்டில் சேர்க்கும் முடிவு எனக்கு யு.எஃப்.சி. ஒப்பந்தங்களைவிட முக்கியமாகப் படுவது இதனால்தான். அரசு வேலைக்கு வழி திறந்தால் ஊர்தோறும் கூண்டு முளைக்கும்.

ஆகவே என் கணிப்பு: வாராந்தரப் பழக்கமாக எம்.எம்.ஏ. முந்தும், அமெரிக்காவில் ஏற்கெனவே முந்திவிட்டது. பெருநாள் கூட்டம் குத்துச்சண்டைக்கே இன்னும் சில காலம் இருக்கும், அதிலும் பிரிட்டன், மெக்சிகோ, ஜப்பானில். ஆனால் இரண்டும் தனித்தனியாக நிற்குமா என்பதே சந்தேகம். யு.எஃப்.சி.யின் தாய் நிறுவனமான டி.கே.ஓ., சவூதி பணத்தோடு சேர்ந்து 2025-இல் ஜுஃபா பாக்சிங் என்ற குத்துச்சண்டை நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்த அலி சட்டத் திருத்த மசோதா, ஒரே அமைப்பு போட்டியும் நடத்தலாம், தரவரிசையும் போடலாம், தன் பெல்ட்டையும் தரலாம் என்று வழிவிடுகிறது. நான்கு பெல்ட் குழப்பத்தால் வெறுத்துப்போன ரசிகருக்கு இது இனிக்கும். அந்த நிறுவனத்தில் கையெழுத்திடும் வீரர், வெளியே உள்ள சாம்பியனோடு மோத விரும்பினால் விடுவார்களா, சண்டையின் வசூல் கணக்கை அவருக்குக் காட்டுவார்களா என்ற இரண்டையும் அடுத்த சில ஆண்டுகளில் கவனித்துவர வேண்டும். என்கானு கேட்டதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.