ஓட்டோ கியர், கிறவல் றோட்டு, ஆற்றை கையில திறப்பு?

“பிள்ளை, இது ஓட்டோ கியர். உள்ளுக்குப் போற றோட்டு முழுக்கக் கிறவல், மழையும் பெய்ஞ்சு கிடக்கு. ஓட்டோ உதுக்குச் சரிவராது. இறங்குங்கோ, நான் எடுக்கிறன்.”

போன மாரியில் ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கம் ஒரு கிராமத்துக்குக் கள ஆய்வுக்குப் போனபோது, வழிகாட்ட வந்த மாமா ஒருவர் சொன்னது இது. வாகனம் பெரியப்பாவின்ர பழைய ஃபோர் வீல் டபுள் கப். யாழ்ப்பாணத்தில் இருந்து அதுவரைக்கும் ஓடிக்கொண்டு வந்தது நான். ஒண்டும் கதைக்காமல் இறங்கிப் பின் சீற்றில் ஏறினேன். மாமா நல்லாத்தான் ஓடினார். வாகனம் எங்கேயும் தாழவில்லை, சறுக்கவும் இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இரவு படுக்கேக்கதான் எனக்கு உறைச்சது. ஓட்டோ கியர் கிறவலுக்குச் சரிவராது எண்டால், மாமா ஏறினவுடன் அது எப்பிடிச் சரிவந்தது? அவர் ஓடினதும் அதே ஓட்டோ கியரைத்தானே? றோட்டும் அதே றோட்டு, மழையும் அதே மழை. சீற்றில் இருந்த ஆள் மட்டும்தான் மாறினது.

அண்டைக்கு வாய் திறக்காமல் விட்டதை இண்டைக்கு எழுதுறன்.

முதலாவது கதை: “ஓட்டோவுக்கு இழுவை காணாது.” மனுவலில் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கிறது கிளச் தட்டு. ஓட்டோவில் அந்த இடத்தில் இருக்கிறது ஒயில் நிரம்பின டோர்க் கொன்வேட்டர். எஞ்சின் சுத்துற விசிறி ஒயிலைத் தள்ள, அந்த ஒயில் எதிரில் இருக்கிற விசிறியைச் சுத்தும். நிண்ட இடத்தில் இருந்து வெளிக்கிடேக்க இந்த அமைப்பு எஞ்சினின் முறுக்குவிசையைக் கூட்டிக் குடுக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரைக்கும். கிளச்சைப் பிழையாய் விட்டு எஞ்சின் நிண்டுபோற கதையும் இல்லை. சுரிக்குள்ள மனுவலில் கியர் மாத்தக் கிளச்சை மிதிச்சால், அந்த ஒரு செக்கன் சில்லுக்குப் போற விசை அறுந்துபோகும். வேகம் விழும், வாகனம் இருந்திடும். ஓட்டோவில் அந்த இடைவெளி பெரும்பாலும் இல்லை. இதுக்கு மேல 4L எண்டு ஒண்டு இருக்கு. ஒரு ஹைலக்ஸில் அதைப் போட்டால் சில்லுக்குப் போற விசை சுமார் இரண்டரை மடங்காகும். அது மனுவலுக்கும் ஓட்டோவுக்கும் பொது.

இரண்டாவது கதை: “இறக்கத்தில ஓட்டோ பிடிக்காது.” இதில் பாதி உண்மை இருக்கு. வன்னியில் இறக்கம் குறைவு, குளக்கட்டால இறங்கேக்கையும் ஆத்துக்குள்ள இறங்கேக்கையும்தான் வரும். மலையகத் தோட்ட றோட்டுகளில் அது அன்றாடம். கிறவலில் பிறேக்கை அமத்தினால் சில்லு சறுக்கும். ABS இருந்தாலும் உதிரிக் கல்லில் நிக்கிற தூரம் கூடத்தான் செய்யும். அதனால எஞ்சினாலதான் வாகனத்தைப் பிடிக்கவேணும். மனுவலில் 4L போட்டு முதலாம் கியரில் விட்டால் வாகனம் ஊர்ந்து இறங்கும். ஓட்டோவை D-யில் விட்டால் அது மேல் கியருக்குப் போகப் பாக்கும். உண்மைதான். ஆனால் D-க்குக் கீழே L எண்டும் 2 எண்டும் அல்லது + - எண்டும் போட்டிருக்கிறது இதுக்குத்தான். 4L போட்டு, கியரையும் கீழ விட்டு இறக்கினால் ஓட்டோவும் பிடிச்சுக்கொண்டு இறங்கும். D-யை மட்டும் தெரிஞ்ச ஆள் ஓடினால் அது கியர்பொக்ஸின் குற்றமா?

மூண்டாவது கதை: “மெய்யான ஃபோர் வீல் எண்டால் மனுவல்தான்.” அமெரிக்க இராணுவத்தின் ஹம்வி 1980களில் வந்த நாளில் இருந்தே ஓட்டோ கியர். பழைய லாண்ட் றோவர் டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியோட நிண்டது. 2019இல் அறிமுகமான புது டிஃபெண்டரில் மனுவல் இல்லவே இல்லை. போருக்குப் பிறகு வன்னியில் தொண்டு நிறுவனங்களின்ர வெள்ளை வாகனங்களாய் நாங்கள் பாத்துப் பழகின லாண்ட் குறூஸர் 70 வரிசைக்கும் 2023இல் ஆறு கியர் ஓட்டோ வந்திட்டுது. சேத்துக்கும் மணலுக்கும் எண்டே வாகனம் செய்யிறவை ஓட்டோ பூட்டுறாங்கள். எங்கட சந்திக் கடை வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறவை மட்டும் சரிவராது எண்டு தீர்ப்புச் சொல்லுறாங்கள்.

மனுவலின்ர பக்கத்திலும் நியாயம் இருக்கு. பற்றி இறங்கினால் மனுவலை நாலுபேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், ஓட்டோவைத் தள்ளி ஆகாது. ஓட்டோ பழுதாகி நிண்டால் ஓடுற சில்லு நிலத்தில் உருள நெடுந்தூரம் கட்டி இழுக்கவும் கூடாது, கியர்பொக்ஸ் போயிடும். மணலில் கனநேரம் உழுதால் ஓட்டோ ஒயில் கொதிக்கும். கிளச் தட்டு மாத்த ஊர்க் கராஜ் காணும், ஓட்டோ கியர்பொக்ஸைக் கழட்ட அதுக்கெண்டு படிச்ச ஆளைத் தேடவேணும், காசும் கூட. 2020 மார்ச்சில் இருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி நிண்ட நாடு இது. கையில் இருந்த பழைய வாகனத்தை இழுத்துப் பறிச்சு ஓட்டின சனம் “மனுவல் எண்டால் சமாளிக்கலாம்” எண்டு சொல்லுறதில் அனுபவம் இருக்கு. அதை நான் மதிக்கிறேன். “இந்த வாகனத்தைத் திருத்தக் கஷ்டம்” எண்டு மாமா சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். அவர் சொன்னது “இறங்குங்கோ”.

கிறவலில் வாகனத்தைத் தாக்கிறது கனக்க வேற விசயங்கள். தேய்ஞ்ச ரயர் ஓட்டோவையும் சறுக்கும், மனுவலையும் சறுக்கும். மணலில் ரயர் காத்தைக் கொஞ்சம் இறக்கினால் ரயர் அகலிச்சு நிலத்தைப் பிடிக்கும், தார் றோட்டுக்கு ஏற முதல் திரும்ப அடிக்கவேணும். எங்கட டபுள் கப் மாதிரி வாகனங்களைக் காய்ஞ்ச தார் றோட்டில் 4H-இல் ஓடக்கூடாது, முன்சில்லும் பின்சில்லும் வேற வேற வேகத்தில் சுத்த வழியில்லாமல் உள்ளே இறுகும். கிறவலில் போடலாம். 4L எண்டதே இல்லாத உயரமான கார் ஒண்டை வாங்கிவைச்சு ஃபோர் வீல் எண்டு நம்பி ஆத்துக்குள்ள இறக்கிறதும் ஆபத்துத்தான். இதெல்லாம் ஒரு பின்னேரத்தில் சொல்லிக்குடுக்கக்கூடிய அறிவு. மாமாவுக்கு இதெல்லாம் தெரியும். எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம். பக்கத்துச் சீற்றில் இருந்துகொண்டு “பிள்ளை, இப்ப 4H-ஐப் போடுங்கோ, இதில காலைக் கிள்ளுங்கோ” எண்டு சொல்லியிருந்தால் எனக்கு அண்டைக்கே ஒரு றோட்டுப் பழகியிருக்கும்.

இதில் இன்னொரு பகிடி இருக்கு. லேணர்ஸுக்குப் போகேக்க “பெட்டையளுக்கு ஓட்டோ காணும், அதுதான் லேசு” எண்டு அனுப்புறவையும் இவைதான். பழகி லைசன்ஸ் எடுத்து வந்தால் “ஓட்டோ ஓடுறதெல்லாம் ஓட்டமே?” எண்டு கேக்கிறவையும் இவைதான். எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டு, அந்தக் கதவால வந்தால் கணக்கில்லை எண்டுறது என்ன நியாயம்?

இது வெறும் ரோசக் கதை எண்டு நினைக்காதேங்கோ. கலைப்பீடத்தில் படிச்சு வெளிக்கிடுற எங்களில் கனபேருக்குக் கிடைக்கப்போறது களவேலை. கிராமம் கிராமமாய்ப் போறது, வீடு வீடாய்க் கதைக்கிறது. அந்த வீடுகள் தார் றோட்டில் இல்லை. றைவர் லீவு எண்டால் அண்டைக்குக் களம் இல்லை. றைவர் நாலு மணிக்கு வெளிக்கிடவேணும் எண்டால், அழுதுகொண்டு கதை சொல்லுற அம்மாவைப் பாதியில் விட்டிட்டு வரவேணும். வெள்ளத்தில் ஒரு கர்ப்பிணியை ஏத்திக்கொண்டு போகவேண்டி வந்தால், ஓடத் தெரிஞ்ச ஆம்பிளை வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கவேணும். திறப்பு ஆற்றை கையில் இருக்கோ, அவற்றை நேரத்துக்குத்தான் மற்றவை எல்லாரும் வாழுறது.

அதால தங்கச்சிமாரே, மனுவலும் பழகுங்கோ, தள்ளி ஸ்டார்ட் பண்ணவேண்டிய நாளும் வரும். ஓட்டோ மட்டும்தான் தெரியும் எண்டாலும் கூச்சப்படாதேங்கோ. உங்கட வாகனத்தில் 4L எங்க இருக்கு, L எங்க இருக்கு, ஸ்பெயார் ரயரில் காத்து இருக்கோ எண்டு பாத்து வையுங்கோ. ஆரும் “இறங்குங்கோ” எண்டால், “ஏன்?” எண்டு ஒருக்கால் கேளுங்கோ. நான் கேக்கேல்லை.

வாற மாரிக்கும் அதே கிராமத்துக்குப் போகவேணும், ஆய்வு இன்னும் முடியேல்லை. பெரியப்பாவிட்டை டபுள் கப்பைக் கேட்டாச்சு. மாமா வழிகாட்ட வருவார் எண்டுதான் நினைக்கிறன். வந்தால் முன் சீற்றில், எனக்குப் பக்கத்தில் இருக்கலாம். திறப்பு என்னட்டைத்தான்.