கடனை எழுதுவது யார்?

"சட்டதிட்டம் வந்தால் தொழில்நுட்பம் செத்துப்போகும்" என்றொரு வாய்ப்பாடு இப்போது எங்கும் ஒப்புவிக்கப்படுகிறது. கருத்தரங்கு மேடைகளிலே சொல்கிறார்கள். பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கங்களிலே எழுதுகிறார்கள். எம்மவர்களில் நாலெழுத்துப் படித்தவர்களும் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். கைத்தொலைபேசி வழியே பணம் அனுப்பவும் கடன் வாங்கவும் காலம் வந்துவிட்டது, இனி அரசாங்கம் ஒதுங்கி நின்றால் போதும், எல்லாம் தானே நடக்கும் என்பது இவர்களது வாதம்.

இது இலக்கியச் சஞ்சிகைக்கு உரிய விடயமா என்று கேட்போரும் இருப்பர். எமது கதைகளில் வட்டிக்காரன் வராத தலைமுறை உண்டா? அடகுக்கடை வாசலில் காப்பைக் கழற்றும் தாயை எழுதாத கதைக்காரர் எத்தனை பேர்? அந்த வட்டிக்காரன் இப்போது முகமில்லாமல் வந்திருக்கிறான். ஆகவே இது எமது விடயமே.

முதலில் அந்த வாய்ப்பாட்டைச் சோதிப்போம். கைத்தொலைபேசிப் பணத்துக்கு உலகமே எடுத்துக்காட்டும் நாடு கென்யா. 2007 மார்ச்சில் சஃபாரிகொம் கம்பனி அங்கே எம்-பெசா என்ற சேவையைத் தொடங்கியது. வங்கிக் கணக்கே இல்லாத தொழிலாளி ஒருவர் நகரத்திலிருந்து கிராமத்துத் தாய்க்குக் கைத்தொலைபேசியால் பணம் அனுப்பினார். அதற்கெனத் தனிச்சட்டம் அப்போது இருக்கவில்லை. ஆனால் கென்ய மத்திய வங்கி கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் இல்லை. ஆட்சேபனையில்லை என்று கடிதம் கொடுத்தபோதே, மக்கள் செலுத்தும் பணம் கம்பனியின் சொந்தப் பணத்தோடு கலவாமல் நம்பிக்கைப் பொறுப்பில் வங்கியிலே தனியாக இருக்கும் ஏற்பாட்டை உறுதிசெய்துகொண்டது. எம்மவர் பேச்சில் சொன்னால் அது அமானிதம். 2008இன் இறுதியில் நிதியமைச்சு இந்தச் சேவையைப் பரிசோதிக்கச் சொன்னது. அந்தச் சோதனையிலும் அது தேறியது. 2011இல் கொடுப்பனவு முறைமைக்கெனச் சட்டமும் வந்தது. எம்-பெசா சாகவில்லை, நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. தன் காசு எங்கே போகிறது, கேட்டால் திரும்ப வருமா என்ற பயம் நீங்கியதால்தான் ஏழை அதை நம்பினான்.

கென்யா வரை போக வேண்டியதும் இல்லை. எமது நாட்டிலே 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் இருந்தது. கைத்தொலைபேசிக் கொடுப்பனவுக்கான வழிகாட்டல்களை மத்திய வங்கி 2011இல் வெளியிட்டது. அதன் பிறகுதான் 2012இல் டயலொக்கின் ஈஸி கேஷ் வந்தது. மொபிட்டெலின் எம்-கேஷ் அதைத் தொடர்ந்தது. விதி முன்னே வந்தது, சேவை பின்னே வந்தது. இங்கேயும் வாடிக்கையாளரின் பணம் உரிமம் பெற்ற வங்கியொன்றிலே வேறாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. இதனால் எந்தத் தொழில்நுட்பம் செத்தது? வாய்ப்பாட்டை ஒப்புவிக்கிறவர்கள் பதில் சொல்லட்டும்.

இனி அதே கைத்தொலைபேசியின் மறுபக்கத்தைப் பார்ப்போம். ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று சொல்லும் செயலிகள் வந்தன. பிணையாளி வேண்டாம், காணி உறுதி வேண்டாம், வங்கி முகாமையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டாம். அடையாள அட்டையின் படத்தை அனுப்பி "சம்மதம்" என்ற பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்கியவர் எதற்குச் சம்மதித்தார்? பல செயலிகளில் தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியல் முழுவதையும், படங்களையும், பேசிய அழைப்புகளின் விபரத்தையும் கடன்காரன் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று காட்டி, கட்டணம் என்ற பெயரில் மூவாயிரத்தை முன்கூட்டியே கழித்துக்கொண்டு ஏழாயிரத்தைக் கையில் கொடுத்து, பதினான்கு நாளில் பத்தாயிரத்தைக் கேட்கும் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஏழாயிரத்துக்குப் பதினான்கு நாளில் மூவாயிரம். ஆண்டுக்கு அது நூற்றுக்கு 1,100 வீதத்தைத் தாண்டும். "வட்டி" என்ற சொல் அந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லாமலும் இருக்கலாம். சேவைக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று அழகான பெயர்கள் போதும். தவணை தவறினால் தொலைபேசிப் பட்டியலிலுள்ள சம்பந்தி வீட்டுக்கும், பிள்ளையின் ஆசிரியைக்கும், பள்ளிவாசல் நிர்வாகிக்கும் அழைப்புப் போகும். பழைய வட்டிக்காரன் வாசலில் நின்று சத்தம் போட்டால் ஒரு தெருவுக்குத்தான் கேட்டது.

இப்படி ஒரே கருவியில் இரண்டு நீதி எப்படி வந்தது? ஏழையின் பணத்தை வாங்கி வைத்திருப்பவனுக்குச் சட்டம் இருந்தது. ஏழைக்குக் கடன் கொடுப்பவனுக்குச் சட்டம் இல்லாமல் விடப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புகளை ஏற்கும் கம்பனிகளையே உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுக்கும் கம்பனி அந்த வேலிக்கு வெளியே நின்றது. வேலியில் விட்ட பொட்டு யாருக்கு என்று ஆட்டுக்குத் தெரியாவிட்டாலும் நரிக்குத் தெரியும்.

அந்தப் பொட்டைப் பார்க்காமல் போனதற்குத் தெரியாமை காரணமல்ல. நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு கண்ணுக்கு முன்னே நடந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மேலும், 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் நல்லவைதான்; ஆனால் அவை மத்திய வங்கியின் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களுக்கே உரியவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் ஒத்திவைக்கப்பட்டன. இதற்கிடையே கூகுள் கம்பனி 2023 மே 31 முதல் தன் செயலிக் கடையிலுள்ள தனிநபர் கடன் செயலிகள் தொலைபேசிப் பெயர்ப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாதென்று விதித்தது. எமது சட்டம் தாளில் காத்திருக்க, அமெரிக்கக் கம்பனியொன்று தன் கடை வாசலில் எழுதிய விதி எமது பெண்களின் மானத்துக்குக் காவல் நின்றது. அதுவும் அந்தக் கடைக்குள் இருக்கும் செயலிகளுக்கு மட்டுமே. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

சட்டத்துக்குப் பதிலாக எமக்குக் கிடைத்து வந்தவை எச்சரிக்கைகள். மறைகுறி நாணயங்கள் பற்றி மத்திய வங்கி 2018இலும் 2021இலும் 2022இலும் அறிவித்தல் விட்டது. அனுமதிக்கப்படாதது, ஆபத்தானது, கவனமாயிருங்கள் என்பதே சாரம். எச்சரிப்பது தவறல்ல. ஆனால் எச்சரிக்கையோடு கடமை முடிந்துவிட்டதென்று நினைப்பது தவறு. எச்சரிக்கை முழுப் பொறுப்பையும் ஏமாறக்கூடியவனின் தலையில் வைக்கிறது. ஏமாற்றக்கூடியவனிடம் ஒன்றுமே கேட்பதில்லை. ஆற்றிலே முதலை இருக்கிறது என்று பலகை நட்டுவிட்டால் தண்ணீருக்குப் போகிறவள் போகாமல் இருந்துவிடுவாளா? அவளுக்கு வேறு கிணறு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமே என்பார்கள் சிலர். இதுவும் கண்மூடித்தனம்தான். கென்யாவே இதற்குப் பாடம். அங்கே 2016இல் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தார்கள். வங்கிகள் சிறிய மனிதருக்குக் கடன் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டன. உச்சவரம்புக்குள் வராத செயலிகள் அந்த இடத்துக்குள் புகுந்தன. 2019இல் அந்தச் சட்டத்தையே நீக்க வேண்டியதாயிற்று. நைஜீரிய மத்திய வங்கி 2021 பெப்ரவரியில் மறைகுறி நாணய வியாபாரத்துக்கு வங்கிகள் துணைபோகக் கூடாதென்று தடுத்தது. வியாபாரம் நிற்கவில்லை, வங்கியின் கண்ணுக்கு மறைந்து ஆளுக்கு ஆள் கைமாறியது. 2023 டிசம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. தேவை இருக்குமிடத்தில் கதவை அடைத்தால் சனம் சுவரேறிக் குதிக்கும்.

உருப்படியான வழியும் உண்டு. 2020 டிசம்பரில் ஹைதராபாத்தில் கடன் செயலிகளின் கொடுமையால் நேர்ந்த தற்கொலைகள் பற்றிய செய்திகளும் கைதுகளும் இந்தியாவை உலுக்கின. 2021இல் இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த குழு சுமார் 1,100 கடன் செயலிகளைக் கண்டது. அவற்றில் 600 அளவில் சட்டவிரோதமானவை. 2022 செப்டெம்பரில் விதிகள் வந்தன. கடன் பணம் கொடுப்பவரின் கணக்கிலிருந்து வாங்குபவரின் கணக்குக்கு நேரே போக வேண்டும். இடையிலே தரகன் கைவைக்கக் கூடாது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வீதத்தை ஒரே தாளில் காட்ட வேண்டும். வாங்கியவர் மனம் மாறினால் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் வேண்டும். பெயர்ப் பட்டியலைத் தொடவே கூடாது. கென்யாவும் 2021 இறுதியில் சட்டம் செய்து, செயலிக் கடன்காரர்கள் உரிமம் பெற வேண்டுமென்றது. 2022 செப்டெம்பரில் விண்ணப்பித்த 288 பேரில் முதலில் உரிமம் கிடைத்தது 10 பேருக்குத்தான். வாசலில் ஆளிருந்து கேள்வி கேட்டால் எத்தனை பேர் தயங்கி நிற்பார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

இனி எமது வீட்டுக்குள்ளே ஒரு வார்த்தை. "வட்டி ஹராம், அவள் ஏன் வாங்கினாள்?" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறவர்கள் எம்மிடையே நிறைய. ஹராம் என்பதில் இங்கே விவாதமில்லை. ஆனால் கைமாற்றுக் கொடுக்கக் கை நீளாத ஊர், வட்டிக்கு வாங்கியவளைப் பழிக்க மட்டும் நாக்கை நீட்டுவது என்ன நியாயம்? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதுவது பற்றியது என்பதை இவர்கள் அறியாதவர்களல்லர். சூறா பகராவின் 282ஆம் வசனம் அது. கடனை எழுதச் சொல்கிறது. எழுதுகிறவன் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது. கடன் யார்மேல் இருக்கிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்கிறது. கொடுத்தவன் சொல்லச் சொல்ல எழுதும்படி அங்கே இல்லை. செயலியின் ஒப்பந்தத்திலோ எல்லாம் தலைகீழ். வாசகம் கொடுப்பவனுடையது. மொழி பெரும்பாலும் வாங்குகிறவளுக்கு விளங்காத ஆங்கிலம். சாட்சிகளென்று இருப்பது பின்னர் அவளை அவமானப்படுத்துவதற்காகச் சேர்த்த பெயர்ப் பட்டியல். வட்டியை மட்டும் பார்த்துவிட்டு இந்த அநீதியைப் பார்க்காமல் போவது அரைக் கண் பார்வை.

ஒழுங்குவிதி என்பதன் பொருள் இதுதான்: கடன் எழுதப்படும் வேளையில் வாங்குகிறவரின் பக்கத்திலும் ஒருவர் அமர்ந்திருப்பது. ஆகவே எந்தச் சட்டமூலம் வந்தாலும் நான்கு கேள்விகளால் அதை அளப்போம். வைப்பு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடன் கொடுக்கிற எவரும் உரிமம் பெற வேண்டுமா? கையில் கிடைக்கும் தொகை, திருப்பிக் கட்டும் தொகை, ஆண்டு வீதம் மூன்றும் வாங்குகிறவரின் தாய்மொழியில் முதல் பக்கத்திலேயே இருக்குமா? பெயர்ப் பட்டியலைத் தொட்டவனுக்குத் தண்டனை உண்டா? முறையிடப் போகிறவள் கொழும்புக்குப் பஸ் ஏறாமல் தன் பிரதேசத்திலேயே தமிழில் முறையிடலாமா? இவற்றில் ஒன்றுக்கேனும் "இல்லை" என்று பதில் வந்தால், அந்தச் சட்டம் கடன் வாங்குகிறவளுக்காக எழுதப்படவில்லை.

எழுதுகிறவர்களான எமக்கும் இதிலே ஒரு வேலை உண்டு. உலக இலக்கியத்தை மொழிபெயர்க்கிறோம், நல்லது. ஒரு கடன் செயலியின் நிபந்தனைகளையும் ஒரு முறை தமிழாக்கி எமது சஞ்சிகைகளில் அச்சிடுவோம். எந்தச் சொல்லுக்குள் எந்தக் கத்தி ஒளிந்திருக்கிறதென்று வரிக்கு வரி குறிப்பெழுதுவோம். அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து மாதர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளுக்கும் கொடுப்போம். சொல்லை எடைபோடத் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த நாம், சொல்லால் கொள்ளை நடக்கும் இடத்தில் வாய்மூடி இருக்கலாகாது.