மாவுக்கட்டுக்குள்ளே

போன மாதம் அத்தை கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் முறிவு. மருத்துவர் எலும்பை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டு, "ஆறு வாரம்" என்றார். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "புத்தூர் கட்டுக்குப் போயிருக்கலாமே" என்று நாட்டு வைத்தியத்தை நினைத்துக் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

எந்தக் கட்டானாலும் அது எதையும் ஒட்டுவதில்லை. அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டிக்கொள்வது எலும்பின் சொந்த வேலை. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. சில வாரங்களில் அங்கே குருத்தெலும்பு போன்ற ஒரு பாலம் உருவாகிறது. அதில் கால்சியம் படிந்து இறுகுகிறது. தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு விழும். எலும்போ மறுபடி எலும்பாகவே வளர்ந்துவிடுகிறது.

"அறுபத்தெட்டு வருஷத்து எலும்பு, ஒட்டுமா?" என்பதுதான் அத்தையின் கவலை. அவ்வளவு பழைய எலும்பு யாரிடமும் இல்லை என்றேன், நம்பவில்லை. எலும்பை அமிலம் சுரந்து அரித்தெடுக்க ஒரு வகைச் செல். பின்னாலேயே வந்து பூசி நிரப்ப இன்னொரு வகை. கொத்தனார் வேலை ஓயாத வீடு அது. வளர்ந்தவர்களின் எலும்பில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆண்டுதோறும் இப்படிப் புதிதாகிறது.

நன்றாக இருப்பதை ஏன் இடிக்க வேண்டும்? சிறு விரிசல்களைச் சரிசெய்ய என்பது ஒரு காரணம். இன்னொன்று கால்சியம். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சம் கொஞ்சந்தான், ஆனால் அது ரத்தத்தில் சற்றுக் குறைந்தாலும் தசை இழுக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி, பயறு அளவில் நான்கு சுரப்பிகள் இதைக் கண்காணிக்கின்றன. குறைந்தால் எலும்பிலிருந்து எடு என்று உத்தரவு போகும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இடிப்பது வேகமாகிறது, கட்டுவது ஈடுகொடுக்க முடிவதில்லை. அத்தை விழுந்தது வழுக்கியதால். முறிந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மெலிந்தவரை 'எலும்பும் தோலும்' என்கிறோம், ஏதோ மிஞ்சிய சக்கை போல. அந்தச் சக்கையின் மஜ்ஜைதான் விநாடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது.

எலும்புக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சும்மா விட்டால் கரையும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். எடையற்ற விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் கரைந்தது, பிற்பாடு அதற்குச் சாட்சி.

நேற்று கட்டைப் பிரித்தார்கள். கை குச்சியாக இருந்தது. தினமும் ரப்பர் பந்தை அழுத்திப் பழகச் சொன்னார் மருத்துவர்.

"பந்து எதுக்கு டாக்டர்? சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சா ஆகாதா?" என்று கேட்டார் அத்தை.