சிம்மாசனத்தில் ஏறாதீர்கள், முருங்கை மரத்தில் ஏறுங்கள்

விக்கிரமாதித்தன் கதையை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று கேட்கிறவரிடம், முதல் பக்கத்திலிருந்து என்று பதில் சொல்பவர்கள் நம் சூழலில் நிறைய இருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில் ஒரு நல்ல வாசகனை எளிதாகக் கொன்றுவிடும் என்பது எங்கள் தரப்பு. அனுபவத்திலிருந்தே சொல்கிறோம், ஏனென்றால் அந்தக் கொலையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் மங்கலத்தில் எங்களோடு தேநீர் குடிக்க வரும் பனியன் கம்பெனித் தோழர் ஒருவர், சிரிக்கிற மாதிரியும் மாயமந்திரம் உள்ளதாகவும் பெரிய கதை ஏதாவது உண்டா என்று கேட்டார். பள்ளிப் படிப்போடு நின்று, பகலெல்லாம் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர். நாங்கள் பெருமிதத்தோடு பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக் கொடுத்தோம். வரிசையாகப் படியுங்கள், இடையில் விட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்ற அறிவுரையும் உடன் போயிற்று. இருபது நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. "இது படிச்சவங்க படிக்கறதுங்க" என்றார். இன்றுவரை அவர் வேறு புத்தகம் எதையும் கேட்கவில்லை. பழி அவர் மேலும் இல்லை, புத்தகத்தின் மேலும் இல்லை. வாசலைத் தவறாகக் காட்டியவர்கள் நாங்கள்.

அந்த முதல் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். போஜராஜனுக்குப் புதைந்து கிடந்த சிம்மாசனம் கிடைக்கிறது. அவன் படியேறப் போகும்போது முப்பத்திரண்டு பதுமைகளில் ஒன்று சிரிக்கிறது. எங்கள் அரசனைப் போல் நீ உண்டா என்று கேட்டு விக்கிரமாதித்தனின் பெருமையைச் சொல்லத் தொடங்குகிறது. சட்டகம் என்ற அளவில் அருமையான கற்பனைதான். ஆனால் அறிமுகமே இல்லாத ஒருவனின் புகழை முப்பத்திரண்டு வாய்களால் கேட்கச் சொல்வது, கல்யாண வீட்டில் யாரென்று தெரியாத மாப்பிள்ளைக்கு வாழ்த்துரை கேட்பதைப் போன்றது. நெருங்கியவர்களுக்கு அது இனிக்கும். புதிதாய் வந்தவர் பந்தி எப்போது என்றுதான் பார்ப்பார். பற்றாக்குறைக்கு, மூச்சுவிடாமல் ஓடும் பெரிய எழுத்துப் பதிப்பின் வாக்கியங்கள். வாய்விட்டு வாசிக்கவும் சுற்றியிருந்து கேட்கவும் அமைந்த உரைநடை அது. தனியாக, மௌனமாக, வேலை முடிந்த களைப்பில் படிப்பவரை அது தள்ளிவிடும்.

வரிசைவாதிகளின் முதன்மையான வாதம் சங்கிலி என்பது. கதைக்குள் கதையாக அமைந்த நூலில் ஒரு கண்ணியை விட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும் விதத்தில் பதில் சொல்லலாம். பின்னலாடைத் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது ஏணிபோல் ஓடிக்கொண்டே போகும். தறித்துணி அப்படியில்லை. ஊடை அறுந்தால் தறியை நிறுத்திச் சரிசெய்து மீண்டும் ஓட்டுவார்களே தவிர, நெய்த துணியை முதலிலிருந்து நெய்யமாட்டார்கள். இவர்கள் விக்கிரமாதித்தன் கதையைப் பனியன் துணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தறித்துணி. சிம்மாசனமும் பதுமைகளும் பாவு. குறுக்கே ஓடும் கதைகள் ஊடை. ஓர் இழையை எங்கு தொட்டாலும் துணி துணிதான்.

வரலாறும் எங்கள் பக்கமே இருக்கிறது. வேதாளக் கதைகள் சிம்மாசனக் கதைகளோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் எழுதிய 'கதாசரித்சாகர'த்துக்குள் அவை தனித் தொகுதியாக இருக்கின்றன. அங்கே அரசனின் பெயர் திரிவிக்கிரமசேனன். முப்பத்திரண்டு பதுமைகளின் கதை வேறொரு நூல். தமிழ் மரபுதான் இரண்டையும் ஒரே பந்தலுக்குள் கொண்டுவந்தது. தைத்துச் சேர்த்ததைத் தையல் வழியே பிரித்து வாசிப்பது எப்படிக் குற்றமாகும்? ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுசென்றபோது பதினொன்றை மட்டுமே எடுத்துக்கொண்டார். அந்த நூலும் நிலைத்து நின்றது.

இன்னும் அருகில் வருவோம். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் பல பத்தாண்டுகள் மாதம் ஒரு வேதாளக் கதை வந்தது. மூல நூலின் இருபத்தைந்து தீர்ந்தபின் புதிது புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் அரசனை நம் மனத்தில் பதித்த ஓவியர் சங்கர், 1924இல் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவர். நம் வட்டாரத்துக்காரர். 2020இல் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ வந்தது. அவர் படத்தைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளில் எவரும் முதல் கதையிலிருந்து தொடங்கவில்லை. முடிதிருத்தும் கடையில் எந்த மாத இதழ் கிடந்ததோ அதிலிருந்து தொடங்கினார்கள். ஒருவரும் வழி தவறவில்லை.

வெளியுலகிலும் இதே பஞ்சாயத்து உண்டு. டெர்ரி பிராட்செட் 1983 முதல் 2015 வரை 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் நாற்பத்தொரு நாவல்கள் எழுதினார். சிரிப்பும் மாயமும் கலந்த அந்த வரிசையின் தீவிர வாசகர்கள் பலர், புதியவருக்கு முதல் நாவலைத் தருவதில்லை. 1987இன் 'மார்ட்', 1989இன் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' என்று ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள். எங்கிருந்து எங்கே போகலாம் என்று அம்புக்குறியிட்ட வரைபடங்களே போட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுகளாகக் கதைக்கடல் வைத்திருக்கும் நாம், கரையில் ஒரே ஒரு படித்துறையைத் திறந்துவைத்துவிட்டு மற்றதையெல்லாம் பூட்டிவைக்கிறோம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முருங்கை மரத்திலிருந்து. வேதாளக் கதைக்கு முன்கதை இரண்டு வரிதான். அரசன் பிணத்தைச் சுமக்கிறான், பிணத்துக்குள் வேதாளம். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். மூன்று ராணிகளின் கதையை முதலில் கொடுங்கள். ஒருத்திக்கு மேலே பூ விழுந்து காயம். இன்னொருத்திக்கு நிலவொளி பட்டுக் கொப்புளம். மூன்றாமவளுக்கு எங்கோ நெல் குத்தும் உலக்கைச் சத்தம் கேட்டே கை கன்றிப்போகிறது. யார் மிக மென்மையானவள்? இரவெல்லாம் விசைத்தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு உறங்கும் எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொல்லிப்பாருங்கள். சிரித்து முடித்ததும் விவாதம் தொடங்கும். புகழுரை வாசகனை வாயடைக்கச் செய்கிறது. கேள்வி அவனைப் பேசவைக்கிறது. தொடக்கத்துக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

அடுத்து மந்திரி பட்டி. சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு இருப்பாய் என்று அரசனுக்கு இந்திரன் வரம் தருகிறான். பட்டியோ காளியிடம் தனக்கு இரண்டாயிரம் கேட்கிறான். அவள் அரசனின் தலையைக் கேட்க, வெட்டிக் கொண்டுவந்து வைத்து வரத்தை வாங்குகிறான். வாங்கியதும், இந்திரன் தந்த ஆயிரமே இப்படிப் போயிற்றே, உன் இரண்டாயிரத்தை எப்படி நம்ப என்று மடக்குகிறான். காளி அரசனை எழுப்பித் தருகிறாள். பிறகு, சிம்மாசனத்தில் ஆறு மாதம் காட்டில் ஆறு மாதம் என்று பிரித்து, அரசனின் ஆயிரத்தையும் இரண்டாயிரமாக்குகிறான். காடாறு மாதம் நாடாறு மாதம் என்ற வழக்கின் பின்னே இருப்பது ஒரு கணக்கப்பிள்ளையின் மூளை. குழந்தைகளுக்கான நீதிக்கதைச் சுருக்கங்கள் இந்தக் குறும்பை வெட்டிவிட்டு, அரசன் நல்லவன் என்ற செய்தியை மட்டும் மிச்சம் வைப்பதை எங்களால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கடலில் அழுக்கும் உண்டு. பெண்களை நம்பாதே என்று ஓதும் கதைகள் பல இருக்கின்றன. கிளியும் மைனாவும் ஆணா பெண்ணா அதிகக் கொடியவர் என்று வழக்காடும் கதையில் அந்தக் கசப்பைக் காணலாம். அவற்றை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் செக்கிங் மேசையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு அதுதான் முதல் கதையாக வாய்த்தால், அவர் நூலை மூடுவது முற்றிலும் சரி. வாசலைத் தேர்ந்து காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

வரிசைவாதிகளுக்கு ஓரிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறோம். தகப்பன் மகளையும் மகன் தாயையும் மணந்தால் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்க, அரசன் முதன்முறையாக வாயடைத்து நிற்கும் கதையைக் கடைசியில்தான் வாசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் விடை சொன்னவனின் அந்த மௌனம், முந்தைய விடைகளையெல்லாம் கேட்டவர்களுக்கே விளங்கும். முடிவுக்கு ஓர் இடம் உண்டு. தொடக்கம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

சிம்மாசனம் எங்கும் போய்விடாது. விக்கிரமாதித்தனோடு காட்டில் நாலு நாள் நடந்தபின் போஜனோடு படியேறுங்கள். அப்போது பதுமை சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். எங்கள் ஓவர்லாக் தோழருக்காக மூன்று ராணிகளின் கதையை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். இம்முறை புத்தகத்தை நீட்டப் போவதில்லை. கதையைச் சொல்லிவிட்டு, யார் என்று கேட்டு நிறுத்துவோம்.