எந்த நஞ்சை வெளியேற்றப் போகிறோம்?

'உடலிலுள்ள நச்சுக்களை வெளியேற்றுங்கள்' என்னும் விளம்பரம் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. தேநீர், தூள், கசாயம் என வடிவம் மாறினாலும் வாக்குறுதி மாறுவதில்லை. கலைப் பட்டதாரியான எனக்கு மருத்துவம் அந்நியத் துறை. ஆயினும், 'எந்த நஞ்சு?' என்று கேட்பது செய்தியாளனின் கடமை.

குடலில் நஞ்சு உண்டு என்பது உண்மையே. 1892 இல் பேர்லினில் ரொபேட் கொக்கின் நிறுவனத்தில் பணியாற்றிய றிச்சாட் பைஃபர், வெப்பத்தால் கொல்லப்பட்ட கொலராக் கிருமிகளும் கினிப்பன்றிகளைச் சாகடிப்பதைக் கண்டார். கிருமியின் உடலோடு ஒட்டியிருந்த அந்த நஞ்சை அகநச்சு என்றார். குடலில் வாழும் பல பக்றீரியாக்களின் வெளிச்சுவரில் அது எந்நாளும் இருக்கிறது. அதைக் குருதிக்குள் பெருமளவில் புகவிடாமல் காப்பது குடற்சுவர்.

அந்நஞ்சு எவ்வாறு கொல்கிறது என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டு கடந்தது. 1998 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் புரூஸ் பொய்ட்லரின் குழு, அகநச்சுக்கு அசையாத ஒருவகைச் சுண்டெலிகளை ஆராய்ந்தது. நஞ்சை அடையாளங்காணும் உணரியை ஆக்கும் மரபணு அவற்றில் பழுதடைந்திருந்தது. ஆகவே, உயிரைக் குடிப்பது பெரும்பாலும் நஞ்சைக் கண்டு நமது நோயெதிர்ப்புக் கலங்கள் மூட்டும் அழற்சியே. பொய்ட்லர் 2011 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அதே வகை எலிகள் உயிருள்ள சல்மொனெல்லாக் கிருமிக்கு எளிதில் பலியாகின. காவலன் வெறிகொண்டாலும் ஆபத்து, உறங்கினாலும் ஆபத்து.

இந்த நுட்பம் அறியப்படாத காலத்தில் நேர்ந்தது என்ன? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்பத்நொட் லேன், குடற் கழிவே உடலுக்கு நஞ்சூட்டுகிறது என்று நம்பிப் பலரின் பெருங்குடலையே அகற்றினார். சிலர் உயிரிழந்தனர். அக்கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. விளம்பரங்களில் மட்டும் அது உயிர்வாழ்கிறது.

இன்று மெய்யாகவே அஞ்சவேண்டிய நஞ்சு வேறு வழியில் வருகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நல்ல பக்றீரியாக்களையும் அழிக்கும்போது, குளொஸ்றிடியம் டிஃபிசில் என்னும் கிருமி பெருகுகிறது. அதன் இரு நச்சுக்கள் குடற்சுவரைப் புண்ணாக்கிக் கடும் அழற்சியை மூட்டுகின்றன. இந்நோய் மீண்டும் மீண்டும் தாக்கியோரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2013 இல் வெளியாயிற்று. வன்கொமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் நால்வர் குணமாயினர். மருந்துடன் குடலையும் கழுவிய 13 பேரில் மூவரே தேறினர். குறுகிய கால மருந்துக்கும் குடற்கழுவலுக்கும் பின்னர், ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்கள் செலுத்தப்பட்ட 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். கழுவியதால் வராத குணம், இழந்த நுண்ணுயிர்கள் மீண்டதால் வந்தது.

எனவே வாசகர்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. சாதாரண தடிமனுக்கெல்லாம் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி வாங்காதீர்கள்; வைத்தியர் தேவையென்று தந்தால் தவறாது உட்கொள்ளுங்கள். குரக்கனிலும் பயற்றிலும் கீரையிலும் உள்ள நார்ப்பொருளை நல்ல பக்றீரியாக்கள் நொதிக்கச்செய்து, குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன. இவற்றுக்கு விளம்பரம் செய்வார் இல்லை என்பதே இவற்றின் ஒரே குறை.