அடியிறக்கம் தலைவிதி இல்லை

கன்று போட்ட மாட்டுக்கு அடி தள்ளினால் என்ன செய்வதென்று நம்மில் பலருக்குத் தெரியும். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், தொட்டாற்சுருங்கி என்று கைவைத்தியம் சொல்லுவோம். மரபுவழிக் கால்நடை மருத்துவப் பயிற்சிகளில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து கூச்சமில்லாமல் கேட்டு எழுதிக்கொள்வோம். அதே கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அதே தொந்தரவு இருந்தால் யாரிடமும் சொல்ல மாட்டார். நாமும் கேட்க மாட்டோம். மாட்டுக்கு வந்தால் நோய், பெண்ணுக்கு வந்தால் வெட்கம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

அடியிறக்கம், கர்ப்பப்பை இறக்கம், அடி தள்ளுறது என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. இருமினால், தும்மினால், கூடையைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவதும் இதோடு பிறந்த தொந்தரவுதான். களையெடுக்கும் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மனம் விட்டுப் பேசிப் பாருங்கள். "அது கெடக்குது, புள்ள பெத்தா அப்படித்தான்" என்பார்கள். அப்படித்தான் இருக்கணும் என்று எந்த விதியும் இல்லை. இதை ஓரளவு தடுக்கலாம், ஆரம்ப நிலையில் நன்றாகவே குறைக்கலாம். அதற்குக் காசும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை.

முதலில் உடம்பின் அமைப்பைப் பார்ப்போம். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, தூளி கட்டியது மாதிரி ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. இதை இடுப்புத்தளத் தசை என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுதான். சிறுநீர்த் துவாரம், பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் இதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. அடக்க வேண்டிய நேரத்தில் இறுக்கியும், விட வேண்டிய நேரத்தில் தளர்த்தியும் வேலை செய்கிற தசை இது. தூளித் துணி நைந்து தொய்ந்தால் உள்ளே இருப்பது இறங்கத்தானே செய்யும்?

இது தொய்வதற்குப் பல காரணங்கள் உண்டு. பிரசவத்தின்போது தசையும் நரம்பும் இழுபடுவது முதல் காரணம். மாதவிடாய் நிற்கும் வயதில் சுரப்பு குறைவதால் திசுக்கள் மெலிவது இன்னொன்று. நாள்பட்ட இருமல், விறகடுப்புப் புகையால் வருகிற இருமல் உட்பட, ஒவ்வொரு முறையும் அடிவயிற்றைக் கீழே தள்ளுகிறது. மலச்சிக்கலில் முக்கி முக்கிப் போவதும் அப்படியே. இதெல்லாம் போக, நம் வயலோடு சேர்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய பாரத்தைத் தூக்குவது.

இங்கேதான் இயற்கை உழவர்களாகிய நாம் நம்மைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். களைக்கொல்லியை விட்டோம், நல்லது. அந்த இடத்தில் யாருடைய இடுப்பு வளைகிறது? உப்பு மூட்டையை நிறுத்தினோம், நல்லது. தொழுவுரத்தைக் கூடை கூடையாகத் தலையில் சுமப்பது யார்? ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 15 லிட்டர் குடத்தில் அதை மொண்டு சுமந்தால் பதின்மூன்று, பதினான்கு நடை. ஒவ்வொரு நடையிலும் 15 கிலோவுக்குக் குறையாத பாரம். இதையும் செய்துவிட்டு, பெண்ணாள் கூலி என்று ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போகிறவர் அவர். நஞ்சில்லாத உணவு என்று பெருமைப்படுகிறோம். அந்த உணவை விளைவிக்கிற உடம்பு நைந்து போகிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

நேபாளத்தில் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. மலைக் கிராமங்களில் பிரசவமான சில நாட்களிலேயே விறகும் புல்லும் தண்ணீரும் சுமக்க வேண்டிய நிலையில் ஏராளமான பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. 2008ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த விஷயம், அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெண்ணின் விதி என்று விட்டிருந்த ஒன்றை அங்கே அரசின் பொறுப்பு என்று மாற்றினார்கள்.

நம் நாட்டிலேயே இன்னொரு பக்கம் நடந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019ல் வெளியே வந்து, மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது. மாதவிடாய் நாளில் வேலை கெடுகிறது, வெள்ளைப்படுதல், வயிற்று வலி என்று போனவர்களுக்கு, எடுத்துவிடுவதே தீர்வாகக் காட்டப்பட்டது. "எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று நம் ஊர்களிலும் கேட்கிறோம். அடியிறக்கத்தைப் பொறுத்தவரை ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தாங்குகிற தசை பலவீனமாக இருந்தால், கர்ப்பப்பையை எடுத்த பிறகும் பிறப்புறுப்பின் மேல்பகுதியோ சிறுநீர்ப்பையோ இறங்கலாம். அறுவை தேவைப்படுகிறவர்கள் உண்டு, அவர்கள் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது முதல் படி இல்லை.

முதல் படி பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948ல் இதைப் பற்றி எழுதியதால் கெகல் பயிற்சி என்று பெயர். நம் யோகத்தில் மூலபந்தம், அசுவினி முத்திரை என்று சொல்வதும் இதே இடத்துத் தசைகளை இயக்குவதுதான். செய்முறை இதோ.

தசையைக் கண்டுபிடிப்பது: நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சிறுநீரையும் அடக்குகிறீர்கள். அப்போது உள்ளே இறுகி மேலே ஏறுகிறதே, அதுதான் அந்தத் தசை. தொடை, புட்டம், வயிறு இறுகக்கூடாது. மூச்சைப் பிடிக்கக்கூடாது. கீழே முக்குவது போலச் செய்தால் அது தலைகீழ், பலன் கெடும்.

செய்வது: சிறுநீர் கழித்துவிட்டு வந்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தசையை இறுக்கி மேலே இழுத்து, மூன்று எண்ணும் வரை நிறுத்துங்கள். பிறகு முழுசாகத் தளர்த்தி, அதே அளவு ஓய்வு கொடுங்கள். இப்படி 8 முதல் 10 தடவை. காலை, மதியம், இரவு என்று நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழக மூன்று எண்ணிக்கையைப் பத்து வரை கொண்டுபோகலாம். கடைசியில் பத்து தடவை டக்கு டக்கென்று வேகமாக இறுக்கி விடுங்கள். படுத்துச் செய்வது பழகியபின் உட்கார்ந்து, பிறகு நின்றபடி செய்யலாம். பால் கறக்கும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும் செய்யலாம். யாருக்கும் தெரியாது.

வேலையில் பயன்படுத்துவது: கூடையைத் தூக்குமுன், இருமல் தும்மல் வருமுன், தசையை ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள். பாரத்தைத் தூக்கும் நொடியில் மூச்சை வெளியே விடுங்கள். இந்த ஒரு பழக்கமே கசிவைக் கணிசமாகக் குறைக்கும்.

நாலு நாளில் பலன் தெரியாது. பசுந்தாளுரம் விதைத்த மறுநாளே மண் கறுக்குமா? குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்கிற பழக்கம் வேண்டாம். தசையை அடையாளம் காண ஓரிரு தடவை பார்ப்பதோடு சரி.

எல்லோருக்கும் இறுக்குவதே மருந்து என்றும் நினைக்காதீர்கள். சிலருக்கு இந்தத் தசை தளராமல் எப்போதும் இறுகியே இருக்கும். உறவின்போது வலி, அடிவயிற்றில் வலி, சிறுநீர் முழுசாகப் பிரியாமை இருந்தால் அவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. மேலும் இறுக்கினால் வலி கூடும். இரத்தப்போக்கு, மாதவிடாய் நின்றபின் இரத்தம் காண்பது, சிறுநீரில் எரிச்சல், சதை வெளியே வந்து நிற்பது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். வெளியே இறங்கியதைத் தாங்குவதற்குப் பெசரி என்ற வளையம் இருக்கிறது. அறுவைக்கு முன் அதைப் பற்றியும் கேளுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. முழங்கால் வலிக்கு மட்டும்தான் அவரைக் கேட்க வேண்டும் என்று இல்லை. இதையும் கேளுங்கள்.

இப்போது, பேசத் தயங்குகிற இடத்துக்கு வருவோம். இந்தத் தசைக்கும் தாம்பத்தியத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இன்ப உச்சத்தில் தன்னால் சுருங்கி விரிவது இதே தசைதான். இது பலமாக இருந்தால் உணர்வு கூடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். அதைவிட முக்கியம், பயம் போகிறது. சிறுநீர் கசிந்துவிடுமோ, வாடை அடிக்குமோ, ஏதோ கீழே இறங்கி நிற்கிறதே என்ற பயத்தில் விலகி விலகிப் படுக்கிற பெண்கள் எத்தனை பேர்! கணவருக்கு அது வெறுப்பாகத் தெரியும். "வயசாயிடுச்சு, ஆசை போயிடுச்சு" என்று அவரே முடிவு கட்டிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் தனித்தனியாக வாழ்ந்துவிடுவார்கள். ஒரு தசையின் பலவீனம் ஒரு குடும்பத்தின் பேச்சையே நிறுத்திவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "புருசனுக்காக இறுக்கமா வச்சுக்கோ" என்று யாராவது இதை விற்றால் நம்பாதீர்கள். அதற்காக விற்கிற களிம்பும் மாத்திரையும் தேவையே இல்லை. இந்தப் பயிற்சி பெண்ணின் உடம்புக்கும், அவளுடைய நிம்மதிக்கும், அவளுடைய இன்பத்துக்கும். ஆண்களுக்கும் இதே தசை இருக்கிறது. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு உள்ளவர்களுக்கு இதே பயிற்சியைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆகவே இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம், அண்ணன்மார்களே.

"எங்க பாட்டிங்க இதெல்லாமா செஞ்சாங்க? வயல் வேலையே உடற்பயிற்சிதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டிகளுக்கு இந்தத் தொந்தரவு இல்லையென்றால் அடியிறக்கம் என்ற சொல் நம் வாயில் எப்படி வந்தது? இருந்தது, மூடி மறைத்தார்கள். வயல் வேலை கைக்கும் காலுக்கும் பலம் தரும், உண்மைதான். ஆனால் மூச்சடக்கிப் பாரம் தூக்குவது இடுப்புத்தளத்தைக் கீழே தள்ளுகிற வேலை. மேலே இழுக்கிற பயிற்சி அதில் தானாக வராது. தனியாகச் செய்தால்தான் உண்டு.

பயிற்சியைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றால் அதுவும் நியாயம் இல்லை. நம் பண்ணைகளில் இன்றைக்கே மாற்றக்கூடியவை இருக்கின்றன. ஜீவாமிர்தத் தொட்டியை வாய்க்கால் தலைமாட்டில் வைத்தால் பாசனத் தண்ணீரோடு தானே போய்விடும், சுமக்க வேண்டாம். உரம் அள்ள ஒரு தள்ளுவண்டி வாங்குங்கள். பெரிய கூடைக்குப் பதில் சின்னக் கூடை, இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது. ஒற்றை நாற்று நடவில் கோனோவீடர் இருந்தால் குனிந்து எடுக்கும் களை குறையும். ஈரவயலில் அது கனம், ஆண்கள் தள்ளட்டும். பிரசவமாகி ஆறு வாரம் வரையாவது எந்தப் பெண்ணின் தலையிலும் சுமை ஏறக்கூடாது.

கழிப்பிடமும் இதில் சேரும். வயலில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். அதனால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. மலச்சிக்கலால் முக்கல், முக்கலால் அடியிறக்கம். ஒரு குழி, நாலு பக்கமும் கீற்று மறைப்பு, ஒரு குடம் தண்ணீர் இருந்தால் இந்தச் சங்கிலி அறுபடும். முசிறியில் சூழல் கழிப்பறைகள் பயன்பாட்டுக்கு வந்தது நமக்குத் தெரியும். மனிதக் கழிவையும் முறையாக மட்கவைத்து மண்ணுக்குத் திருப்பலாம் என்று பேசுகிற நாம், நம் வயலில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்புக் கட்ட யோசிக்கலாமா?

என் கோரிக்கை சின்னதுதான். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் விதைப் பரிமாற்றம் முடிந்ததும் பெண்கள் தனியாக உட்கார அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையோ இயன்முறை மருத்துவரையோ கூப்பிடுங்கள். பயிற்சியை ஒரு தடவை சரியாகக் கற்றுக்கொண்டால் போதும், மீதியை வீட்டில் செய்துகொள்ளலாம். அந்த அரை மணி நேரமும் குழந்தைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து யாருக்கு என்ன மாறியது என்று பேசுங்கள். எந்த ஊரில் முதலில் செய்கிறீர்களோ, இந்த இதழுக்கு எழுதுங்கள். மற்ற ஊர்க்காரர்களும் தொடங்கட்டும்.